கம்பத்துல என்ற பேரு

வாங்க தம்பி, வாங்க. காருக்குள்ளயே உக்காந்து ஆரனடிக்காம எறங்கி வந்தீங்களே, அதுவே பெரிய குணம். இது எங்க எடம்னு சொல்லத்தான வர்றீங்க? தெரியுமுங்க. கம்பத்துல சீட்டுத் தொங்குது, பாத்தேன். மாணிக்கவாசகம்னு போட்டிருக்குது. எழுத்துக் கூட்டிப் படிச்சுப்போட்டு, என்ற பொண்டாட்டி மரகதத்துகிட்ட, நம்மாளு ஒருத்தருதான் வர்றாருன்னு சொன்னேன். வெள்ளக்காரனா இருந்தா என்னத்தச் சொல்லிப் புரிய வெக்கறதுன்னு ரோசனையா இருந்துச்சு. இப்பப் பரவால்ல.

என்னுங்? அது உங்க அப்பா பேருங்களா? உங்க பேரு திருமாறனா? சரியாப் போச்சு போங்க. இந்த நாட்டுல கூடாரம் போடற பார்க்குல மகன் எடம் பதிவு பண்ணுனா அப்பன் பேரைத்தான் கம்பத்துல தொங்க உடறாங்க. எனக்கும் அப்படித்தான். அத அப்புறம் சொல்றேன். மொதல்ல உக்காருங்க. அந்த மேசைப் பலகையில உக்காருங்க. உங்க வீட்டு அம்மணியையும் கூப்புடுங்க, காருக்குள்ள வேகுது பாருங்க. வா அம்மணி. நல்ல நாற்காலி ஒண்ணு இருக்குது, ரெண்டு பேரு உக்காரலாம். அத மரகதம் வண்டிப் பெட்டியில வெச்சுப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகி வெச்சிருக்கறா. கேட்டா தரமாட்டா.

சுத்தி வளைக்கலீங்க. விசயத்தச் சொல்லிப்போடறேன். எனக்கு இந்த எடம் ரெண்டு நாளைக்கு வேணும். இந்த வண்டிதான் எங்களுக்கு வீடு, இது இங்கயே நிக்கட்டும். நீங்க கூடாரம்தான கொண்டாந்திருக்கறீங்க, அந்த வேப்ப மரத்துக்கு... வேப்ப மரம்ங்கறேன் பாருங்க. அது என்ன மரமோ, அதுக்கு அக்கட்டால போட்டுக்குங்க. எடம் தாராளமா இருக்குது. எங்களால ஒரு தொந்தரவும் இருக்காது. நாங்க ரெண்டே பேரு, அதுலயும் ஒருத்தி வாயத் தொறக்கறதில்ல.

என்ற மகன் புடிச்ச எடம் இது. பூபதின்னு பேரு. இந்த வண்டியும் அவன் வாங்குனதுதான். அவன் இல்லீங்க. தை மாசம் போயிட்டான்.

ஐயோ, அப்படியெல்லாம் மொகத்த வெச்சுக்காதீங்க. உக்காருங்க, உக்காருங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. வாசல்ல பனி கெடந்துச்சாமா. அள்ளிப் போட்டுட்டு உள்ள வந்தான், காப்பி வேணும்னு சொன்னான், நாற்காலியில உக்காந்தான். காப்பி கொண்டாந்தப்ப ஆளு இல்ல. அவ்வளவுதான். நாங்க அப்ப ஊர்ல இருந்தோம். ஏறிப் பறந்து வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஒரு சாம்பல் பெட்டிய மட்டும் கையில குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன்.

திருச்செங்கோடுங்க நமக்கு. உங்களுக்கு எந்தூரு? விருதுநகரா? அட, சாத்தூர்ப் பக்கமெல்லாம் எத்தனையோ போர் போட்டிருக்கறேன். திருச்செங்கோடுன்னா ரிக் வண்டிங்க. ஆழ்துளைக் கெணறு தோண்டற லாரி. அதுல ஏறுனா எறங்கறதுக்கு எட்டு மாசம் பத்து மாசம் ஆகும். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான்னு நான் போகாத மண்ணு இல்ல. வண்டிக்கு அடியில படுப்போம், வண்டிக்குப் பக்கத்துல அடுப்பு மூட்டுவோம், ஏரி கண்டா குளிப்போம். இங்க இவங்க எல்லாம் லீவு போட்டுட்டு வந்து பண்றாங்களே, அதத்தான் நான் முப்பது வருசம் பொழப்பாப் பண்ணுனேன். கேம்பிங்ன்னா என்ன மாமான்னு மருமக வெளக்க வந்தா. சிரிப்பு வந்துருச்சு எனக்கு.

பூபதி போன தடவை ஊருக்கு வந்தப்ப சொன்னான். அப்பா, நீங்க லாரியிலயே ஊரெல்லாம் சுத்திப்போட்டீங்க, அம்மாவ ஒரு நாளு ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. நான் ஒரு வண்டி வாங்கறேன். வர்ற கோடையில வாங்க. அம்மாவ உக்கார வெச்சு நீங்களே ஓட்டுங்கன்னான். முந்தி ஒரு தடவை நான் இங்க வந்தப்ப இந்த ஊரு லைசென்ஸ் எடுத்துக் குடுத்தவனும் அவன்தான். சொன்ன மாதிரியே வண்டி வாங்கி வாசல்ல நிறுத்தி, கோடை முழுக்க பார்க் பார்க்கா எடம் புடிச்சும் வெச்சுட்டான். இங்கதான் தெரியுமே உங்களுக்கு, ஆறு மாசம் முன்னாடியே புடிக்கலைன்னா கெடைக்காதே. அவன் புடிச்சு முடிச்சான். ஆளு போயிட்டான்.

அப்ப நாங்க என்ன பண்றது? எல்லாரும், வேண்டாம், எல்லாத்தையும் ரத்துப் பண்ணிப்போட்டு ஊருக்கு வாங்கன்னாங்க. எங்க தொழில்ல ஒரு மொறை இருக்குதுங்க தம்பி. தோண்டறதுக்குக் குறி வெச்ச எடத்த நாங்க பாயிண்ட்டும்போம். ஒரு வண்டிக்காரன் பாயிண்ட் ஒத்துக்கிட்டு, அவனுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, கூட இருக்கற வண்டி போயி அந்தப் பாயிண்ட்ட முடிச்சுக் குடுக்கோணும். தண்ணி வருதோ இல்லியோ, தோண்டிக் குடுக்கோணும். ஒத்துக்கிட்டவன் பேரு கெடக்கூடாது. நானே மூணு நாலு பேருக்கு முடிச்சுக் குடுத்திருக்கறேன். என்ற மகன் ஒத்துக்கிட்டதை நான் உட்ருவனா?

இந்துகிட்டச் சொன்னேன். இந்துமதி, மருமக. நான் போறேன், இதுல ஒண்ணு உடாம முடிச்சுப்போட்டுத்தான் ஊருக்குன்னேன். அவ உள்ள போயி சாவிய எடுத்தாந்து என்ற கையில குடுத்தா. பாத்துப் போயிட்டு வாங்க மாமான்னா. அவளை வர்றியான்னு கேக்கலியாங்கறீங்களா? அவளுக்கு ஆபீசு இருக்குதுங்க. அதுவுமில்லாம பெரிய வீடு, இப்ப ஒரு ஆளு. நிம்மதியா இருப்பா. நாங்க கெடந்து என்னத்துக்கு எடைஞ்சலா?

அப்படிக் கெளம்புனதுதான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு, சூடம் காட்டி எடுத்தேன். இன்னமும் எந்தப் பார்க்குல இருந்து கெளம்புனாலும் நாலு சக்கரத்துக்கும் பழம் வெச்சு நசுக்கிட்டுத்தான் எடுப்பேன். ஒரு பார்க்குல சட்டைக்காரன் ஒருத்தன், காவக்காரன், ஓடி வந்துட்டான். குனிஞ்சு சக்கரத்தப் பாக்கறான், என்னயப் பாக்கறான். பழம் கீழ விழுந்திருக்குதுன்னு நெனச்சு, அவனே நாலையும் பொறுக்கி என்ற கையில குடுத்து, ஹேவ் எ நைஸ் டேன்னுட்டான். அவன் போன பொறகு மறுபடி வெச்சேன்.

மொதல்ல ஒண்ணும் தெரியல. கரண்ட்டு மாட்டறது, தண்ணிக் கொழாய் மாட்டறது சுலுவு. கழிவு கொட்டற கொழாய் இருக்குது பாருங்க, அதுதான். மொத நாளு மாத்தி மாட்டி என்ற மேலயே... வேண்டாம், அம்மணி இருக்கறாங்க. பக்கத்து வண்டிக்காரரு ஒரு கெழவரு, பெரிய மீசை, வந்து வாயே பேசாம மாட்டிக் காட்டிப்போட்டு, ஒரு பழைய கையொறை குடுத்துட்டுப் போனாரு. நல்ல சனங்க. எங்க போனாலும் கையத் தூக்கிக் காட்டுவாங்க. நானும் காட்டுவேன்.

என்ன பாத்தீங்கன்னு கேட்டீங்கன்னா என்ன சொல்றது. பெரிய மணல் மேடு பாத்தோம், ஏரியோரத்துல. ராஜஸ்தான்ல பாக்காத மணலா? ஒரு அருவி பாத்தோம். கொல்லிமலை அருவியில பாதி வராது. அப்புறம் எல்லா எடத்துலயும் ஒரே மரம், ஒரே ஏரி, ஒரே மேசை, ஒரே நெருப்புக் குழி. எது எந்த ஊருன்னு எனக்குக் கொழம்பிப் போச்சு. போனா வண்டியச் சமம் பண்ணி நிறுத்துவேன். மண்ண எடுத்துக் கையில தேச்சுப் பாப்பேன். அது பழக்கம். இங்கயெல்லாம் அறுவது அடியில தண்ணி கெடைக்குமுங்க. இந்த நாட்டுக்காரனுக்கு ரிக் வண்டியே தேவையில்ல.

மரகதத்தக் கேட்டா அதுவும் இல்ல. அவ எறங்கவே மாட்டா. குளிக்க, கொல்லைக்குப் போக எறங்குவா. மிச்ச நேரமெல்லாம் முன்னாடி சீட்டுல உக்காந்து கண்ணாடி வழியா ரோட்டையே பாத்துக்கிட்டிருப்பா. வண்டி நின்னாலும் ரோட்டத்தான் பாப்பா. அருவி பாக்க வாடீன்னேன். நீங்க பாத்துட்டு வாங்கன்னா. அவளுக்காகத்தான் தம்பி இத்தன ஏற்பாடும். அவன் அம்மாவுக்காகப் பண்ணுனது. அவ எறங்க மாட்டேங்கறா. இந்த மனுசிக்கு எதுவுமே ரசிக்கத் தெரியாதுங்க.

எனக்குன்னா, பாருங்க, ஒண்ணும் தோண மாட்டேங்குது. மரத்துப்போச்சு. அழுகையும் வரல. ஊர்ல இருந்து ஒறம்பரைங்க போன் பண்ணி ஒப்பாரி வெப்பாங்க. நான் ம்ம், ம்ம்னு கேட்டுட்டு வெச்சிருவேன். அடி மேல அடி போயிட்டே இருக்கறோம், புகைதான் வருது, தண்ணி வரலேன்னு எங்காளுங்க சொல்லுவாங்க. மண்ணுப் புகை. அது மாதிரி இருக்குதுங்க. வண்டி ஓட்டறப்ப மட்டும் சரியா இருக்குது. நிறுத்துனா என்ன பண்றதுன்னு தெரியறதில்ல.

அருவிக்கு முன்னாடி நின்னு ஒரு போட்டா எடுத்து ஊருக்கு அனுப்புனேன். அதுக்கு என்ற மச்சான் கேக்கறான், மகன் செத்து வருசம் திரும்பல, மாப்பள உல்லாசப் பயணம் போறாராக்கும்னு. என்னத்தச் சொல்ல. அதுக்கப்புறம் அனுப்பறதில்ல.

ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிச்சுதுங்க. சொல்றேன்னு சொன்னேனே, அந்தக் கம்பம். மொதப் பார்க்குல கேட்டுல நிறுத்துனா, உள்ள இருந்த பொண்ணு, மிஸ்டர் நாச்சிமுத்துங்கறா. அது நானுங்க. என்ற பேரு இவளுக்கு எப்படித் தெரியும்னு திகைச்சுப் போயிட்டேன். எடத்துக்குப் போயிப் பாத்தா கம்பத்துல சீட்டு, பெருசா, நாச்சிமுத்து. பூபதிங்கறது எங்கயுமே இல்ல. ஒவ்வொரு பார்க்குலயும் அதேதான். ரிக் வண்டியில இருந்த காலத்துல வண்டி நெத்தியில மொதலாளியோட கொலசாமி பேருதான் இருக்கும். என்ற பேரை எவன் எழுதுனான்? இங்க காட்டுக்குள்ள, ஏரிக்கரையில, கம்பத்துக்குக் கம்பம் என்ற பேரு. என்ற மகன் எனக்குன்னு, என்ற பேருலயே புடிச்சுக் குடுத்திருக்கறான்னு நெனச்சேன். இந்து சொன்னா, இல்ல மாமா, இங்க கடைசிப் பேரைத்தான் போடுவாங்க, அவங்க பேருக்குப் பின்னாடி உங்க பேரு இருக்கறதுனாலன்னு. சொல்லாம இருந்திருக்கலாம். அந்தப் புள்ளைக்கு எதையும் பூசி மெழுகிப் பேசத் தெரியாது.

அவளைப் பத்திச் சொல்லோணும். நீங்க படிச்சவங்க, நாயம் சொல்லுங்க. தெனமும் பொழுதோட கூப்புடுவா. மாமா சாப்பிட்டீங்களா, அத்தை சாப்பிட்டாங்களா. சாப்பிட்டோம்பேன். சரிங்க மாமாம்பா. அப்புறம் சத்தமே வராது. வெக்கவும் மாட்டா. நானும் போனைக் காதுல வெச்சுக்கிட்டே நிப்பேன். என்ன பேசறது? கொஞ்ச நேரங்கழிச்சு அவளே வெச்சிருவா. தெனமும் இதே கதைதான். வேற பேச்சுப் பேசத் தெரியாதுங்க அவளுக்கு. என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரை மட்டும் நாங்க எந்த ஊருக்குப் போறமோ அந்த ஊரு மருந்துக்கடையில ரெடியா இருக்கும். அது கம்ப்யூட்டர் பண்ணிப்போடுது. நல்ல வசதி இந்த நாட்டுல.

சரி, இந்த மருமக என்ன பண்ணுனா தெரியுங்களா? கெளம்பறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டா. மாமா, வண்டிக்கு அடியில பெட்டியில ஒரு நாற்காலி இருக்கும், அதப் பிரிக்க வேண்டாம், எனக்கு வெச்சிருங்கன்னா. நானும் என்னமோ ஏதோன்னு பாத்தா, செகப்புத் துணி நாற்காலி. ஒட்டுன மாதிரி ரெண்டு பேரு உக்கார்ற நாற்காலி. கப்பு வெக்கறதுக்கு இந்தப் பக்கம் ஒரு பை, அந்தப் பக்கம் ஒரு பை. கடைச் சீட்டுக்கூட கிழிக்கல. யோசிச்சுப் பாருங்க. புருசன் போயி பால் தெளிச்ச ஈரம் காயல, நாற்காலியக் கேக்கறா. வண்டி வேணும்னு கேட்டிருந்தாக்கூட நாயம். நாற்காலி!

நான் அதயெல்லாம் மனசுல வெச்சுக்கல. ஒரு பார்க்குல காலு வலிக்குதேன்னு அத எடுத்துப் பிரிச்சு, நடுவுல உக்காந்தேன். ஒசரமில்ல, எந்திரிக்கறது கஷ்டம், ஆனா சொகம். மரகதம், வா, வந்து உக்காரு, ரெண்டு பேருக்குத்தான் வாங்கியிருக்கறான்னேன். கண்ணாடி வழியாப் பாத்தா. எறங்காதவ எறங்கி வந்தா. எந்திரிங்கன்னா. ஏம்புள்ளேன்னேன். எந்திரிங்கன்னு மறுபடியும் சொன்னா. அந்தக் கொரலை நான் கேட்டதே இல்ல. எந்திரிச்சுட்டேன். மண்ணத் தட்டி, மடக்கி, பெட்டியில வெச்சுப் பூட்டி, சாவிய எடுத்துக்கிட்டா. அப்புறம் இந்தப் பலகைதான் எனக்கு. மாமியாளும் மருமகளும் நாற்காலி விசயத்துல மட்டும் ஒத்துமைங்க.

இந்த எடத்துக்கு வர்றேன். இதுதான் கடைசி. அவன் புடிச்சதுல கடைசிப் பாயிண்ட். போன வாரம் இந்து கூப்புட்டா. சாப்பிட்டீங்களான்னுட்டு, மாமா, அந்தக் கடைசிப் பார்க்க மட்டும் உட்ருங்கன்னா. ஏன்னேன். அது வேண்டாம் மாமா, அது உங்களுக்கு வசதிப்படாது, கரண்ட்டு இல்ல, தண்ணி இல்ல, கூடாரம் போடற எடம், வண்டியே சரியா நிக்காதுன்னா. நான் பாக்காத வசதியான்னேன். அப்புறம் சொல்றா, அது நாங்க ரெண்டு பேரும் போற எடம் மாமா, கல்யாணமான புதுசுல மொத மொத கூடாரம் போட்டது அங்கதான்னு. சொன்னேன், நாங்களும் ரெண்டு பேருதானே சாமி, எங்களுக்குப் போதும்னு.

அவ போனை வெச்சுட்டா. மறுநாளு ஒரே வரி செய்தி. ரத்துப் பண்ணிட்டேன் மாமா, மன்னிச்சுக்குங்கன்னு. பாருங்க அக்குருமத்த! எல்லாத்தையும் ஓட்டி முடிச்சு வந்து, கடைசியில ஒண்ண உடச் சொன்னா எப்படி? இத்தனைக்கும் நாளைக்கு என்ன நாளு தெரியுங்களா? அவங்க கல்யாண நாளு. எனக்கு எப்படி நெனப்பிருக்குன்னா, அந்த ஆவணி முகூர்த்தத்துக்கு நான் போபால்ல இருந்து ரிக்க நிறுத்திப்போட்டு ஓடியாந்து, கையில கிரீஸோட மணவறையில நின்னவன். எனக்கே நெனப்பிருக்குது. அவ அதக்கூட நெனைக்காம, அதே நாளுக்குப் புடிச்சு வெச்ச எடத்த ரத்துப் பண்றா. என்ன மனசுங்க அது?

அவனும் ஏன் இப்படிப் புடிச்சான்னு எனக்குப் புரியலதான். மத்ததெல்லாம் கரண்ட்டு, தண்ணி, நெழலு, மேட்டு நெலம்னு பாத்துப் பாத்துப் புடிச்சிருக்கறான். இது மட்டும் இப்படி, ஏரிக்குப் போற வழியில, மொட்டையா. அவசரத்துல தப்பாப் புடிச்சுட்டானோ என்னமோ. தப்பாப் புடிச்சாலும் பாயிண்ட் பாயிண்ட்தானுங்களே. ஒரு நாளு முன்னாடியே வந்து நிறுத்தி, அடுப்பு மூட்டிட்டேன். எங்க வழக்கத்துல அடுப்பு மூட்டிட்டா எடம் அவனுதுதான். இங்க அப்படி இல்லேன்னு தெரியுமுங்க. இருந்தாலும் சொல்றேன்.

மரகதமும் நேத்து வந்ததுல இருந்து, இது நமக்குப் போட்டது இல்லீங்க, வண்டிய எடுங்க, வண்டிய எடுங்கங்கறா. கரண்ட்டு இல்லாம மிக்சி ஓடாதுன்னு அவளுக்குக் கோவம். அம்மியும் இல்ல, பச்ச மொளகாயக் கீறிப் போடுன்னேன். மொகத்தத் திருப்பிக்கிட்டா.

அதனால ரெண்டு நாளு குடுங்க தம்பி. உங்களுக்குப் பெரிய மனசு இருக்குது, மொகத்துலயே தெரியுது. ரெண்டு நாளு முடிஞ்சா கணக்குத் தீந்துரும். வண்டிய இந்துகிட்ட உட்டுட்டு ஏறிப் போயிருவோம். ஊருக்குப் போயி என்ன பண்றதுன்னா... அதத்தான் நெனைக்கறேன். நெனைச்சா ஒண்ணும் வர மாட்டேங்குது. இன்னொரு நாலு எடம் சேத்துப் புடிச்சிருக்கலாம் பய. சரி உடுங்க. என்ன சொல்றீங்க? அம்மணி என்ன, ஏரியவே பாத்துக்கிட்டு...

யாரு அது? அந்த வெள்ளக் காரு. மெதுவா வருது பாருங்க, எடம் தேடற மாதிரி. இல்லியே. தேடல. தெரிஞ்ச மாதிரி வருது. அட, இந்து காருங்க அது!

பாத்தீங்களா? வந்துட்டா. நாலு மணி நேரம் காரோட்டிக்கிட்டு வந்துட்டா. நான் சொன்னனில்ல, நாற்காலிக்குத்தான் வந்திருக்கறா. ரத்துப் பண்ணிப்போட்டு, சொல்லாமக் கொள்ளாம, நாற்காலிய வாங்கிட்டுப் போக வந்திருக்கறா.

இந்தப் பக்கம் பாக்கவே இல்ல பாருங்க. எங்க வண்டிய அவ கவனிக்கலியாட்டம் இருக்குது. நேரா தண்ணிகிட்டப் போறா. செருப்பக் கழட்டிப்போட்டு நிக்கறா. எளைச்சுப் போயிட்டாளுங்க. நாங்க கெளம்பறப்பப் பாத்த சட்டை, தொளதொளன்னு தொங்குது. என்னத்தத் திங்கறாளோ. ஏரியில என்ன இருக்குது, அப்படிப் பாக்கறா?

மரகதம் எறங்கறா. பாருங்க, பாருங்க, என்ற பொண்டாட்டி எறங்கறா. அருவிக்கு எறங்கல, மணலுக்கு எறங்கல. மரகதம், எங்க போற? ஏம்புள்ள, உன்னத்தான்... என்னயத் தாண்டிப் போறா பாருங்க. பெட்டியத் தொறக்கறா. நாற்காலிய எடுக்கறா. தூக்க முடியுதா அவளுக்கு, முட்டி வலிக்காரி. இருங்க தம்பி, நான் போயிப் புடிக்கறேன்... கேக்க மாட்டா. போயிட்டா. தண்ணியோரத்துல பிரிச்சு வெக்கறா. இந்துவ உக்கார வெக்கறா. கையப் புடிச்சு, கொழந்தைய உக்கார வெக்கற மாதிரி.

இந்து ஒரு ஓரமா உக்காந்துட்டா. இன்னொரு பக்கம் அப்படியே கெடக்குது. மரகதம் அதுல உக்காரலாமில்ல? உக்கார மாட்டேங்கறா பாருங்க. மண்ணுல உக்காந்துட்டா, அவ காலுகிட்ட. முட்டி வலிக்காரி மண்ணுல உக்காந்தா யாரு தூக்கி உடறது? பாதி நாற்காலி சும்மா கெடக்குது. இந்து அதும் மேல கைய வெச்சிருக்கறா. ரெண்டு பேரும் அழுகறாங்களா? இங்கிருந்து தெரியல.

சரி, நான் போயி உக்காந்துக்கறேன். நின்னு நின்னு காலு கடுக்குது. சும்மா கெடக்கறத எதுக்கு...

என்னுங்க தம்பி? ஏன் கையப் புடிக்கறீங்க? சும்மாதானே கெடக்குது அது?

காலி இல்லீங்களா?

...

ஆமாங்க.

ஆமா. கையுடுங்க, போகல. நிக்கறேன். சித்த நேரம் நிக்கறேன்.

தம்பி, அந்த மேசை மேல துணிப்பையில எலுமிச்சம்பழம் இருக்கும் பாருங்க. நாலு எடுத்துக் குடுங்க. சக்கரத்துக்கு வெக்கோணும். வண்டிய எடுத்து அந்தப் பொதுப் பார்க்கிங்குல நிறுத்திக்கறேன். இங்கிருந்து பாத்தா வண்டி ஏரிய மறைக்குது. இத்தன நேரம் நான்தான் மறைச்சு நிறுத்தியிருக்கறேன்.

ஒண்ணு கேக்கறேன். எனக்குன்னு கேட்டனில்ல, ரெண்டு நாளு. அத அந்தப் புள்ளைக்குக் குடுத்துருங்க. கூடாரம் அவ காருல இருக்கும். இல்லேன்னா உங்களுதக் குடுங்க, நீங்க எங்க வண்டிக்குள்ள படுத்துக்குங்க, மெத்தை இருக்குது. கம்பத்துச் சீட்டு அப்படியே இருக்கட்டும், உங்க அப்பா பேரு. எந்த அப்பன் பேரு இருந்தா என்னங்க இப்ப.

பழத்த நீங்களே சக்கரத்துக்கு வெச்சிருங்க தம்பி, ஒண்ணொண்ணுக்கும் ஒண்ணு. நான் வந்து எடுக்கறேன். மொதல்ல அங்க போயி, சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வந்தர்றேன்.